பதினொரு பியோனிச் சட்டிகள்

நவம்பர் பிறந்தால் என் கைத்தொலைபேசிக்கு ஓய்வில்லை. ரொறன்ரோவில் வோபர்ன் பக்கத்தில் பூச்செடி வளர்க்கும் நம்மவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நான் நர்சரியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்பது எப்படியோ அங்கே தெரிந்துவிட்டது. "அங்கிள், செவ்வந்திச் சட்டியை உள்ளுக்கு எடுக்கட்டோ?" "அண்ணை, ஹொஸ்ராவுக்கு இப்பவே வைக்கோல் போட்டிட்டன், பிழையோ?" "அங்கிள், லாவெண்டரை பேஸ்மென்ற்றில ஹீட்டருக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறன், ஓகேதானே?"

ஓகே இல்லை என்று எழுதுவேன். பொறுங்கோ, நிலம் உறையட்டும் என்று எழுதுவேன். போன வருடம் ஒரு பிள்ளை கேட்டாள்: "நீங்கள் உதெல்லாம் எங்க படிச்சனீங்கள் அங்கிள்?" பிக்கரிங்குக்குக் கிழக்கே ஒரு நர்சரியில், எழுபதுகளில், என்று பதில் போட்டேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. படித்தது எப்படி என்று சொல்வதானால் எதையெல்லாம் சாகவிட்டேன் என்றும் சொல்லவேண்டும். அதற்குக் கைத்தொலைபேசி போதாது.

நான் கனடாவுக்கு வந்தது எழுபத்துமூன்றில். இலங்கையில் விவசாயத் திணைக்களத்தில் கள உதவியாளனாக நாலு வருடம் இருந்தவன். புகையிலை தெரியும், வெங்காயம் தெரியும். இலையுதிர்ந்து, தண்டு கருகி, நாலு மாதம் பனிக்கு அடியில் கிடந்து, பிறகு அதே வேரிலிருந்து எழும்பும் பூச்செடியை நான் கண்டதில்லை. ரொறன்ரோவில் அப்போது தமிழ் ஆட்களைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். எனக்குத் தெரிந்தவர் ஒரேயொருவர், மதுரைக்காரப் பொறியியலாளர். அவரும் ஆறு மாதத்தில் வேலை மாறி மேற்கே போய்விட்டார். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து இந்த நர்சரிக்குப் போனேன். மண் கலக்க, சட்டி நிரப்ப, வண்டியில் ஏற்ற ஆள் தேவையாக இருந்தது.

அங்கே செடிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஸ் ஐரா. பின்லாந்தில் பிறந்தவர். ஐம்பது வயது இருக்கும். கலியாணம் செய்யவில்லை. என் முழுப்பெயரை ஒரு தரம் கேட்டுவிட்டு, "நாதன் எண்டு கூப்பிடுறன், காணுமோ?" என்றார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பேச்செல்லாம் எனக்கு எங்கள் தமிழில்தான் நினைவில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நர்சரி டிசம்பரில் மூடும். வேலையாட்களை நிறுத்திவிடுவார்கள். முதலாளி தெற்கே வெயிலுக்குப் போவார். மிஸ் ஐரா தண்டர் பேயில் இருக்கும் தங்கையிடம் போவார். மார்ச் கடைசி வரை இடத்தைப் பார்க்க ஒருவர் தங்கவேண்டும். குடும்பம் இல்லாத ஆள் நான்தான். அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, வாடகை இல்லை. சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காரியம் செய்தேன். வெளியே பாத்தியில் மூடிக்கிடந்த சட்டிகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மைனஸ் பதினைந்தில் ஒரு உயிர் எப்படி இருக்கும்? மூடுவதற்கு முன் யாருக்கும் சொல்லாமல் ஆறு ஃபிளொக்ஸ் பூச்செடிச் சட்டிகளை எடுத்து வந்து என் அறை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். கிறிஸ்மஸ் முடியவே முளைத்துவிட்டன. எனக்குப் பெரிய புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. நான் பேச்சுக்கொடுக்க ஏதோ ஒன்று வீட்டில் இருந்தது. ஜனவரியில் தண்டுகள் வெளிறி, நூல்போல நீண்டு யன்னல் பக்கம் சாய்ந்தன. பெப்ரவரியில் ஒவ்வொன்றாய் விழுந்தன.

மார்ச்சில் மிஸ் ஐரா வந்து அந்த ஆறு சட்டிகளையும் பார்த்தார். ஒன்றைக் கவிழ்த்து, மண்கட்டியை உள்ளங்கையில் ஏந்தி, வேரை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து மணந்தார். உயிருள்ள வேருக்குப் பச்சை மண்ணின் வாசனை இருக்கும். செத்த வேர் அழுகின உருளைக்கிழங்கு மாதிரி மணக்கும். என்னிடமும் நீட்டினார். மணந்தேன்.

"நித்திரை கொள்ள விடாமல் வைச்சிருந்திருக்கிறீர்," என்றார். "சாப்பாடில்லாமல் ஒருத்தனை நாலு மாசம் முழிக்க வைச்சால் என்ன நடக்கும்?"

திட்டவில்லை. ஆறு சட்டியையும் எரு மேட்டில் கொட்டச் சொன்னார். அவ்வளவுதான்.

அடுத்த இலையுதிர்காலத்தில் என்னைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அவர் வேலை செய்யும் விதத்தை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். ஓகஸ்ற் முடியும்போது உரத்தை நிறுத்துவார். செப்டெம்பரில் தண்ணீரைக் குறைப்பார். முதல் கடும் உறைபனியில் இலை கருகிய பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடவிடுவார். தண்டை நாலு விரல் விட்டு வெட்டவேண்டும். பியோனி, ஃபிளொக்ஸ் இலைகளில் பூஞ்சணம் ஒளிந்திருக்கும். அவற்றை ஒரு துண்டு விடாமல் பொறுக்கித் தூரக் கொண்டுபோகவேண்டும். நிலம் உறைவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் வேர் முழுக்க நனையத் தண்ணீர். "குளிர் கொல்லுறதிலும் கூட வறட்சி கொல்லும்," என்பார்.

பிறகு சட்டிகளைப் பக்கவாட்டில் படுக்கவைப்போம், ஒன்றின் வாய் மற்றதன் அடியில் முட்ட. நிமிர்த்தி வைத்தால் மழையும் உருகும் பனியும் நடுவில் தேங்கி, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் உறைந்துவிடும். எலிக்கு மருந்து வைத்த தகரக் குழாய்களை இடையிடையே செருகுவோம். அதற்கு மேல் தடித்த நுரைவிரிப்பு, அதற்கு மேல் வெள்ளைப் பிளாஸ்ரிக். கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் கூடாது; வெயில் உள்ளே புகுந்து சூடாக்கும். ஓரங்களை மண்ணால் புதைத்துவிடவேண்டும்.

எப்போது மூடுவது என்பதில்தான் அவர் பிடிவாதம். மற்ற ஆட்கள் நவம்பர் தொடக்கத்தில் அவதிப்படுவார்கள். மிஸ் ஐரா ஒவ்வொரு காலையும் ஒரு பழைய சமையல் கத்தியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போவார். ஐந்தாறு சட்டிகளின் மண்ணில் குத்திப் பார்ப்பார். கத்தி இறங்கினால் திரும்பி வந்து கோப்பி குடிப்பார். ஒரு நாள் கத்தி அரை விரல் அளவு போய் நின்றுவிடும். அன்றைக்குத்தான், "இண்டைக்கு மூடுவம்," என்பார்.

"மூடுறது சூட்டுக்கு எண்டுதானே நான் நினைச்சனான்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். நாங்கள் குளிரை உள்ளுக்கு வைச்சுப் பூட்டுறம். ஒரே அளவாக் குளிர்ந்து கிடந்தால் செடி தாங்கும். உறைஞ்சு, உருகி, திரும்ப உறைஞ்சால்தான் வேர் அறும்." கத்தியைக் காற்சட்டையில் துடைத்தார். "மூடினாப் பிறகு மார்ச் கடைசி வரைக்கும் திறக்கக்கூடாது. வெயில் எறிச்சாலும் திறக்கக்கூடாது. பாக்க ஆசை வரும். ஆசை வந்தால் போய் பனியைக் கூட்டும்."

அலுவலகத்தில் ஒரு தடித்த கொப்பி இருந்தது. குளிர்காலப் புத்தகம் என்போம். மூன்று பத்திகள்: நாள், செய்தது, காரணம். காரணம் எழுதாமல் எதையும் செய்யக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

அந்த வருடம் எல்லாம் மூடி முடிகிற வாரத்தில்தான் மிஸஸ் லோரி வந்தார். பிக்கரிங்குக்கு வடக்கே விமான நிலையம் கட்டவென்று அரசு காணிகளை எடுத்துக்கொண்டிருந்த காலம். பல குடும்பங்கள் வீடும் வயலும் விட்டு வெளியேறின. மிஸஸ் லோரியும் அவர்களில் ஒருவர். எழுபதை நெருங்கும் விதவை. பக்கத்து வீட்டுக்காரனின் ட்ரக்கில் பெரிய அடுக்குப் பூப் பூக்கும் பதினொரு பியோனிச் செடிகளை ஏற்றி வந்திருந்தார். மேல்மண் உறைந்த பிறகு பிக்காசு போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். வேர்கள் பாதி அறுந்திருந்தன. சில பழைய வாளியில் இருந்தன, சில சாக்கில்.

"சித்திரையில எடுப்பன். மகளின்ர ஆக்கள் முற்றத்தோட வீடு பாக்கினம்," என்றார். "அதுவரைக்கும் இவை எங்கயாவது இருக்கவேணும்."

மிஸ் ஐரா ஒரு வேரை எடுத்துப் பார்த்தார். "பியோனியைக் கிண்டுறது செப்டெம்பரில. இதுகள் பிழைக்குமெண்டு நான் சொல்லமாட்டன். வெளியாக்களின்ர செடியை நாங்கள் வைக்கிறதுமில்லை."

மிஸஸ் லோரி கெஞ்சவில்லை. வாளி ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையுறை போடாத விரல்கள் சிவந்து வெடித்திருந்தன. ட்ரக்குக்காரன் இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருந்தான்.

"நான் பாக்கிறன்," என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

மிஸ் ஐரா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அது உம்மட பொறுப்பு. புத்தகத்தில உம்மட பேரில எழுதும்."

அன்று பிற்பகல் முழுவதும் மிஸஸ் லோரியும் நானும் செடிகளைச் சட்டியில் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் அவர் பெயர் சொல்ல, நான் மரக்குச்சியில் பென்சிலால் எழுதிச் செருகினேன். கடைப் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. செடி நின்ற இடமும் தந்த ஆளுமே பெயர். பம்படி. கோழிக்கூட்டடி. ரீச்சர் தந்தது. கலியாண வருசம். பதினொன்றில் பத்து சிவப்பும் ரோஸுமாம். ஒன்றுதான் வெள்ளை. அது அவருடைய தாயார் மணமாகி வந்தபோது கொண்டுவந்தது. "நடுவில ரெண்டு மூண்டு இதழின்ர ஓரத்தில மட்டும் ஒரு சொட்டுச் சிவப்பு இருக்கும், ஊசி குத்தின விரலைத் துடைச்ச மாதிரி," என்றார். குச்சியில் 'அம்மாவின் வெள்ளை' என்று எழுதினேன். பதினொன்றையும் கடைசிப் பாத்தியின் தெற்கு ஓரத்தில் படுக்கவைத்து மூடினோம்.

டிசம்பரில் எல்லோரும் போனார்கள். அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் பனி கூட்டுவேன். பாத்திகளைச் சுற்றி நடந்து பிளாஸ்ரிக்கின் ஓரங்களைப் பார்ப்பேன். மாதம் ஒரு தரம் இரண்டு பஸ் மாறி, சப்வே பிடித்து, இந்தியக் கடைகள் இருந்த ஜெரார்ட் வீதிக்குப் போய் அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்குவேன். கடைக்காரர் ஹிந்தியில் கேட்பார், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். திரும்பி வந்தால் அடுத்த ஆளின் குரலைக் கேட்க நாலைந்து நாள் ஆகும். ஒரு தரம் தபால்காரனுக்குக் காலை வணக்கம் சொல்ல வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமுவதற்குள் அவன் போய்விட்டான்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அலுவலகத்து ரெலிபோன் அடிக்கும். மிஸஸ் லோரி. ரொறன்ரோவின் மேற்குக் கோடியில், ரெக்ஸ்டேலில் மகளின் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். மகளும் மருமகனும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனிச்சறுக்கப் போகும் நேரம் அது.

"மிஸ்டர் நேதன், எப்பிடி இருக்கினம்?" என்பார். நாதன் அவர் வாயில் நேதன் ஆகியிருந்தது. திருத்த மனம் வரவில்லை.

மூடிக்கிடக்கும் செடியைப் பற்றி என்ன சொல்வது? பனி எத்தனை அங்குலம் என்று சொல்வேன். எலி வந்த தடம் குழாய் வரைக்கும் போய் நின்றதைச் சொல்வேன். வடக்குப் பக்கக் காற்றுக்குத் தட்டி கட்டியதைச் சொல்வேன். அவர் பன்னிரண்டாவது மாடியிலிருந்து தெரியும் கார்த் தரிப்பிடத்தைப் பற்றிச் சொல்வார். "கீழ பாத்தால் மண்ணே தெரியேல்லை," என்பார். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் போகும். வெள்ளிக்கிழமையே நான் ஞாயிறு சொல்லவேண்டியவற்றைச் சேர்த்து வைக்கத் தொடங்குவேன். இரண்டரை மணிக்கே போய் ரெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

பெப்ரவரி நடுவில் மூன்று நாள் வெயில் எறித்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாத்தியின் மேலிருந்த பனி கரைந்து வெள்ளைப் பிளாஸ்ரிக் தெரிந்தது. அந்த ஞாயிறு மிஸஸ் லோரியின் குரல் வேறுமாதிரி இருந்தது.

"மருமகன் காணி பாக்கிறதை விட்டிட்டார். இனி இந்த அப்பார்ட்மென்ற்தான்," என்றார். "மிஸ்டர் நேதன், எனக்காக ஒருக்காத் திறந்து பாப்பீங்களோ? உயிரோட இருக்கெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

"மார்ச் வரைக்கும் திறக்கக்கூடாது, மிஸஸ் லோரி."

"ஒண்டையெண்டாலும்?"

"பாத்திட்டுத் திரும்ப ரெலிபோன் எடுக்கிறன்," என்றேன்.

பாத்தியின் தெற்கு ஓரத்து மண்ணை விலக்கி, பிளாஸ்ரிக்கையும் நுரைவிரிப்பையும் மடித்துத் தூக்கினேன். ஈரமண்ணின் வாசனை குப்பென்று வந்தது. முதல் சட்டியை நிமிர்த்திப் பார்த்தேன். மண்ணுக்கு மேல் ரோஸ் நிறத்தில் மூன்று கண்கள், அடுத்த வருடத்து முளைகள், குண்டூசித் தலை அளவில். கொள்ளை அழகு. அடுத்ததைப் பார்த்தேன், அதற்கடுத்ததைப் பார்த்தேன். பதினொன்றையும் நிமிர்த்தி வரிசையாக வைத்துவிட்டு வெயிலில் நின்றேன். மனிதர் முகத்தைப் பார்த்தது போல் இருந்தது.

போய் அவருக்குச் சொன்னேன். அழுதார். நீண்ட நேரம் பேசினோம். பேசி முடித்து வெளியே வந்தபோது வானம் கறுத்திருந்தது. நான் திறந்துவிட்ட ஓரத்தால் உருகிய பனித்தண்ணீர் ஓடையாகப் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. சட்டிகளைப் படுக்கவைக்க நேரம் எடுக்கும் என்று நிமிர்ந்தபடியே விட்டு மூடியை இழுத்தேன். நனைந்த நுரைவிரிப்பு கல்லாகக் கனத்தது. மழை தொடங்கியது, காற்று பிளாஸ்ரிக்கைப் பிடுங்கியது. இரண்டு முறை போர்த்தினேன், இரண்டு முறையும் பறந்தது. மழை உறைமழையாக மாறியது.

திங்கள் காலை மைனஸ் இருபது. பாத்தியின் தெற்குப் பாதி ஒரே ஐஸ் பாளம். மண்வெட்டிக் காம்பால் உடைத்துச் சட்டிகளைப் பிரித்தேன். பல வெடித்திருந்தன. பெயர்க்குச்சிகள் ஐஸோடு சேர்ந்து கழன்று வந்தன. கை மரத்துப்போன நிலையில் எது எந்தச் சட்டியினது என்று நினைவிலிருந்து பார்த்துப் பார்த்துத் திரும்பச் செருகினேன். பக்கத்தில் நர்சரியின் டெல்ஃபீனியமும் லாவெண்டரும் இரண்டு வரிசை கிடந்தன. அவற்றுக்கும் அதே கதிதான். எல்லாவற்றையும் படுக்கவைத்து, வைக்கோல் தேடிப்போட்டு மூடினேன். புத்தகத்தில் எதையும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு ரெலிபோன் அடித்தது. "எப்பிடி இருக்கினம்?"

"நல்லா இருக்கினம்," என்றேன்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிறும் அதையே சொன்னேன்.

மார்ச் கடைசியில் மிஸ் ஐரா வந்தார். முகில் மூடிய ஒரு நாள் பார்த்துப் பாத்திகளைத் திறந்தோம். அந்தப் பாத்தியின் தெற்குப் பாதிக்கு வந்ததும் நின்றார். ஒரு லாவெண்டரைக் கவிழ்த்து மணந்தார். இன்னொன்று. பிறகு பியோனிகள். மணந்து மணந்து இரண்டு பக்கமாக வைத்தார். ஒரு பக்கத்தில் எட்டு, மறுபக்கத்தில் மூன்று.

"ஆர் திறந்தது?"

"நான்தான்."

அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார். "எழுதும்."

நாள் எழுதினேன். செய்தது எழுதினேன். காரணம் என்ற பத்தியில், மூன்று நாள் வெயில் என்று எழுதினேன்.

"அது காரணமில்லை. வெயில் எல்லா வருசமும் வரும்."

வெட்டிவிட்டு, சொந்தக்காரி கேட்டார் என்று எழுதினேன்.

"அவ நவம்பரிலயும் கேட்டிருப்பா. மாட்டன் எண்டு சொல்ல உமக்குத் தெரியும்."

அதையும் வெட்டினேன். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதக் கை வரவில்லை. தமிழில் எழுதினேன்: தனிச்சுப் போனன்.

மிஸ் ஐரா அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார். "இது என்ன?"

சொன்னேன். அவர் பென்சிலை வாங்கி, வழமைபோல வரியின் முடிவில் தன் முதலெழுத்தைப் போட்டார். என்னை வேலையிலிருந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் ட்ரக் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"மூண்டையும் ஏத்தும். ரெலிபோனில சொல்லாதையும். நேர போய்ச் சொல்லும்."

ரெக்ஸ்டேலில் அந்த அடுக்குமாடியின் லிஃப்ற்றில் ஒரு சட்டியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்த மிஸஸ் லோரி சட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே கூட்டிப்போய் இருத்தினார். நான் உட்காருமுன்னமே சொல்லிவிட்டேன். திறந்ததை, நிமிர்த்தி விட்டதை, ஐஸை, ஒவ்வொரு ஞாயிறும் சொன்ன பொய்யை.

"தெரியும்," என்றார். "பிழையா ஏதோ நடந்திட்டுதெண்டு தெரியும். முந்தி பனியெத்தினை, எலியெத்தினை எண்டு எல்லாம் சொல்லுவீங்கள். பிறகு 'நல்லா இருக்கினம்' எண்ட ஒரு சொல்லுத்தான்."

"தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு கிழமையும் எடுத்தனீங்கள்?"

"வேற ஆருக்கு எடுக்கிறது, மிஸ்டர் நேதன்?"

தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். மேசை லாச்சியிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். பதினொரு பெயர்களும் வரிசையாக எழுதியிருந்தன. மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பென்சிலைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றாய் வாசித்தார்.

"பம்படி."

"இருக்கு."

"கலியாண வருசம்."

"செத்துப்போச்சு."

"கோழிக்கூட்டடி."

"இருக்கு."

"அம்மாவின் வெள்ளை."

"செத்துப்போச்சு, மிஸஸ் லோரி."

அந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டார். தேநீரைக் குடித்தார். கீழே ஏதோ ஒரு கார் கிளம்ப மாட்டாமல் இருமிக்கொண்டிருந்தது. பிறகு பென்சிலை எடுத்து, அந்தப் பெயருக்கு எதிரே மெதுவாக ஒரு கோடு போட்டார். மிச்சத்தையும் வாசித்து முடித்தார். 'ரீச்சர் தந்தது' இருந்தது. மற்றவை இல்லை.

நான் பல்கனியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்தக் காற்றில் ஒரு சட்டி ஒரு குளிர்காலம் தாங்காது என்று இருவருக்கும் தெரியும்.

"திருப்பிக் கொண்டுபோங்கோ. மண்ணில வையுங்கோ," என்றார். வாசல் வரை வந்தார். "நேர வந்து சொன்னதுக்கு நன்றி." கை கொடுத்தார். அந்த விரல்கள் அப்போதும் சொரசொரப்பாகவே இருந்தன.

அவர் பிறகு ரெலிபோன் எடுக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் இரண்டு ஞாயிறு நான் எண்களைச் சுழற்றி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். கிறிஸ்மஸுக்கு ஒரு வாழ்த்து மட்டை வந்தது. குடும்பத்தோடு எட்மண்டனுக்கு மாறிவிட்டார்கள் என்று புது முகவரி இருந்தது. பதில் மட்டை போட்டேன். அதில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. அதிகம் எழுதியிருக்கமாட்டேன்.

மூன்று பியோனிகளையும் நர்சரியின் பின்வேலியோரம், கண்கள் மண்ணுக்கு இரண்டு விரலுக்கு மேல் ஆழம் போகாமல் நட்டிருந்தேன். அடிபட்ட செடி. முதல் வருடம் இலை மட்டும், இரண்டாம், மூன்றாம் வருடங்களிலும் இலை மட்டும். குளிர்காலங்களில் நான்தான் அங்கே தங்கினேன். பாத்திகளைத் திறக்கவில்லை. ஞாயிறு மூன்று மணியளவில் எங்காவது வேலை வைத்துக்கொண்டு அலுவலகத்தை விட்டுத் தூரப் போய்விடுவேன்.

எழுபத்தெட்டு ஜூனில் மூன்றும் மொட்டு வைத்தன. பம்படி முதலில் விரிந்தது, கடுஞ்சிவப்பு. ஒரு வாரம் கழித்துக் காலையில் தண்ணீர்க் குழாயோடு போனபோது 'கோழிக்கூட்டடி' என்று குச்சி வைத்த செடி விரிந்திருந்தது. வெள்ளை. உள்ளே கொத்தாக நின்ற இதழ்களில் இரண்டின் ஓரத்தில் ஒரு சொட்டுச் சிவப்பு.

தண்ணீர் ஒரே இடத்தில் ஓடிச் சேறானதைக் கண்டு மிஸ் ஐரா வந்தார். பூவைப் பார்த்தார். குச்சியை வாசித்தார். மரத்துப்போன கையால் நான் அவற்றைத் திரும்பச் செருகிய கதை அவருக்குத் தெரியும்.

"உது கோழிக்கூட்டடி இல்லை," என்றார்.

"இல்லை."

"அவவுக்கு எழுதும். இண்டைக்கே எழுதும்."

அன்றைக்கே எழுதினேன். உங்கள் தாயாரின் வெள்ளை சாகவில்லை, நான்தான் பிழையாகச் சொன்னேன் என்று எழுதி, ஒரு இதழை அழுத்திக் கடிதத்துள் வைத்தேன்.

ஓகஸ்ற்றில் பதில் வந்தது. மகள் எழுதியிருந்தார். அம்மா ஜனவரியில் காலமாகிவிட்டார், கடிதத்தைத் தாமதமாகத்தான் பிரித்தேன், மன்னிக்கவும் என்று இருந்தது. அதற்குக் கீழே, அம்மா உங்களைப் பற்றி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார் என்று எழுதியிருந்தார். தன் தாயின் பியோனி செத்துவிட்டது என்று பஸ்ஸும் காரும் ஓடும் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்து முகத்துக்கு நேரே சொன்ன ஒரு மனிசன் ரொறன்ரோவில் இருந்தான் என்று. கடைசியில், தனக்கு இப்போது ஒரு முற்றம் இருக்கிறது, அந்தச் செடியில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அவர் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது நான் பிழையாகச் சொன்ன ஒரு செய்திக்காக. அதைத் திருத்த இப்போது ஆள் இல்லை.

செப்டெம்பர் கடைசி வாரத்தில் வெள்ளையைக் கிண்டினேன். வேரைக் கழுவி, கத்தியை நெருப்பில் வாட்டி இரண்டாகப் பிளந்தேன். ஒரு துண்டில் நாலு கண் இருந்தது, மற்றதில் மூன்று. நாலு கண்ணை ஈரப் பத்திரிகையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மூடுவதற்கு முன் வெளியே எடுத்து, 'அம்மாவின் வெள்ளை' என்று ஆங்கிலத்தில் எழுதிய குச்சியைச் செப்புக்கம்பியால் வேரோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு தபாற்கந்தோருக்கு நடந்தேன்.